இரண்டு மணிக்குக் கிளம்பிய டாக்டரம்மா

“இருந்தாங்கோ. நாப்பது பேரும் குந்தினுதான் இருந்தாங்கோ. இல்லன்னு நான் சொன்னனா?” என்றாள் அம்சவல்லி.

“அப்போ நான் சொன்னது மெய்தானே. நாப்பது பேரு ஆஸ்பத்திரில மருந்து பாட்டில வெச்சினு காத்துனு கீறாங்கோ, அந்த டாக்டரம்மா பாட்டுக்குப் பைய மாட்டினு போவுது. மூஞ்சியக்கூடத் திருப்பல. என் வூட்டு மாடியில ஏழு வருசமா குடியிருக்கிற பொம்பள, எனக்குத் தெரியாதா அத்தப் பத்தி?” என்றாள் லீலா.

“மாடியில வாடகைக்கு வுட்டா மனசுல கீறதெல்லாம் தெரிஞ்சிடுமா யக்கா?”

மாவு மில்லில் தூக்கோடு நின்றவர்கள் சிரித்தார்கள். லீலா விடவில்லை.

“யூனியன்ல சேந்துச்சு, அன்னிக்கே கெட்டுது. கம்பெனிக்காரன் கணக்கா ஷிப்ட் பாக்குது. டாக்டருக்கு எங்கனா ஷிப்ட் உண்டா?”

“உனுக்குத் தூக்கம் உண்டா?”

“இது இன்னாடி கேள்வி?”

“சொல்லு. உண்டா, இல்லியா?”

லீலா அரிசித் தூக்கைத் தராசில் வைத்தாள். பாதிக் கதை தெரிந்தவர்களுக்குத்தான் குரல் பெரிதாக இருக்கும். முழுக் கதை தெரிந்த அம்சவல்லிக்கோ மாவை வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரி வராந்தாவைக் கூட்டப் போக வேண்டும். அவள் போகட்டும். டாக்டரம்மாள் நாற்பது பேரை விட்டுவிட்டுப் போனாள் என்பது மெய். ஏன் போனாள் என்பதைக் கேட்காமல் ஒரு பெண்பிள்ளையை நாக்கில் போட்டு அரைப்பது நியாயமில்லை. மாவு மில்லுக்கு அரிசியும் கேழ்வரகும் போதும்.

கனகலட்சுமி ஆலந்தாங்கலுக்கு வந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆடி மாதம். சொந்த ஊர் சங்கரன்கோவில். முப்பது வயது. ஒரு கல்யாணம் பேசி, அது நின்றுபோய், இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள். ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆடிக்காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு போனது. புழுதிக்கு அந்தப் பக்கம் நெல் வயல். இந்தப் பக்கம், கம்பெனி வரப்போகிறது என்று அளந்து கல் நட்ட பொட்டல். நடுவில் ஒற்றை ரோடு. அதில் பெட்டியோடு நடந்தாள்.

ஆஸ்பத்திரி என்றால் மஞ்சள் அடித்த சின்னக் கட்டடம், முன்னால் நீளமாக ஒரு வராந்தா. சுவரில் ஒரு பலகை. ‘மருத்துவ அலுவலர்கள்’ என்று மேலே எழுதி, கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. ஒன்றுக்கு நேராகப் பழைய டாக்டரின் பேரை அழித்துவிட்டு அவள் பேரை எழுதினார்கள். இரண்டுக்கு நேராக எப்போதும்போல் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஒரு குளவி கூடு கட்டியிருந்தது.

முதல் நாள் ஏழு மணிக்கே போய்விட்டாள். வராந்தாவில் ஓர் ஆள் இல்லை. ஆனால் வரிசை நின்றது. அத்தனையும் பாட்டில்கள். இருமல் மருந்துப் பாட்டில், சர்பத் பாட்டில், தேங்காய் எண்ணெய்ப் பாட்டில், சாராயக்கடைப் பாட்டில் எல்லாம் சுவர் ஓரமாக ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. மருந்துத் தண்ணீர் வாங்க அவரவர் பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது சர்க்கார் ஆஸ்பத்திரி வழக்கம். விடிந்ததும் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாடு கறக்கவும் சோறாக்கவும் போய்விட்டு எட்டு மணிக்கு வந்து நிற்பது ஆலந்தாங்கல் வழக்கம். பாட்டில் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் பாட்டிலை நகர்த்தினால் அவர் வியாதி நகர்த்தினவர் வீட்டுக்குப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் யாரும் தொட மாட்டார்கள்.

வெயில் அப்போதுதான் புளியமரத்தைத் தாண்டி வந்தது. பாட்டில்களுக்குள் புகுந்து சுவரில் பழுப்பும் பச்சையும் தேன் நிறமுமாகக் கோடு போட்டது. கனகலட்சுமி கைப்பையைக் கீழே வைக்க மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்ட வந்த அம்சவல்லி, “இன்னா டாக்டரம்மா, நம்ம வரிசைய எண்ணிப் பாக்குறியா? அம்பத்திரெண்டு” என்றாள். அப்படித்தான் இருவருக்கும் பழக்கம் தொடங்கியது.

ஐம்பத்திரண்டு, அறுபது, எழுபது. ஒரு டாக்டருக்கு அது சுமையில்லை. நாடி பிடிப்பாள், நாக்கை நீட்டச் சொல்வாள், மருமகளோடு என்ன சண்டை என்றுகூடக் கேட்பாள். மருந்து கொடுக்கிற சுப்பிரமணிதான் ஓ.பி. சீட்டும் எழுதுவார். சீட்டு எழுத வேண்டிய ஆள் இடமும் காலி. பேரு, வயசு, ஊரு, வரிசை நம்பர் என்று பெரிய நோட்டில் ஒரு தரம், சீட்டில் ஒரு தரம். நல்ல மனுஷன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் நத்தை வேகம்.

கல் நட்ட இடத்தில் கட்டடம் எழுந்தது. கார் கம்பெனி, கார் கம்பெனிக்குக் கண்ணாடி கொடுக்கிற கம்பெனி, கண்ணாடி கம்பெனிக்கு அட்டைப்பெட்டி கொடுக்கிற கம்பெனி. நெல் வயலில் ரூம் முளைத்தது. ஒரு ரூமுக்குப் பத்துப் பையன்கள், எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். சாத்தான்குளம், விளாத்திகுளம், திருச்சுழி. காண்ட்ராக்டில் சேர்ந்தவனுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி கிடையாது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால், டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் சூப்பர்வைசர் உள்ளே விடமாட்டான். ஆகவே காய்ச்சல்காரனும் வந்தான், காய்ச்சல் விட்டு மூன்று நாளான பிறகு சீட்டுக்காகவும் வந்தான். ஒரே ஆள், இரண்டு பாட்டில்.

இரண்டாயிரமாம் வருஷம் மழை பெரிதாகப் பெய்து ஊர் முழுக்கக் காய்ச்சல். அந்த மழைக்காலத்தில்தான் ஊர் ஒரு காரியம் செய்தது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆசையில் செய்தது. தாயாரம்மாள் என்று கீழத்தெருவில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரி. குடும்பத்தில் ஐந்து பேருக்குக் காய்ச்சல். சுப்பிரமணி ஐந்து சீட்டு எழுத உட்கார்ந்தார். வரிசையோ கேட்டைத் தாண்டிவிட்டது. தாயாரம்மாள் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே வூடுதானே சாமி, எதுக்கு அஞ்சு சீட்டு? ரேஷன் கார்டு இன்னா ஆளுக்கு ஒண்ணா குடுக்குறான்? உன் கையும் நோவாது, அந்தம்மாவும் சீக்கிரம் பாத்துட்டு ஒரு வாய் சோறு துன்னும்.”

சுப்பிரமணி டாக்டரைப் பார்த்தார். கனகலட்சுமி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “சரி, விடுங்க. ஒரே சீட்டுல எல்லாத்தையும் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு. ரூம் பையன்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ரூமுக்கு ஒரு சீட்டு. நோட்டில் ஒரு பேர் இருக்கும், ஸ்டூலில் நாலு பேர் மாறி மாறி உட்காருவார்கள். வேலை சுருக்கமாக முடிகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். காய்ச்சல் போன பிறகும் வழக்கம் போகவில்லை.

அந்த வருஷங்கள் கனகலட்சுமிக்கு நீளமான ஒரே பகல்போல ஓடின. காலை எட்டுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு. நடுவில் பிரசவம், பாம்புக்கடி, விரல் நசுங்கின பையன். ஞாயிறு என்றால் மாடிப்படியில் செருப்புச் சத்தம். இருநூற்று நாற்பது பேர் பார்த்த நாட்களில், கடைசி நூறு முகங்கள் அவளுக்குத் தண்ணீருக்குள் தெரிகிற முகங்களாக இருந்தன. அசைவார்கள், வாய் திறப்பார்கள், குரல் கொஞ்சம் தாமதித்து வரும். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் நெஞ்சுச் சத்தம் கேட்கும். அது எந்த நெஞ்சு என்று மறந்துபோகும். சங்கரன்கோவில் தெப்பக்குளத்துப் படியில் யாரோ துணி துவைக்கிற மாதிரி தொப் தொப் என்று கேட்கும். அந்தப் படியில் இறங்கிக் காலை நனைப்பதற்குள், “மூச்ச வுடலாமா டாக்டரம்மா?” என்று நோயாளி கேட்பான். கண்ணைத் திறப்பாள். பாவம், அவன் இழுத்த மூச்சைப் பிடித்தபடியே இருப்பான்.

லீலா அப்போது சொன்ன வம்பு வேறு. “அந்தம்மா ஸ்டூல்லயே தூங்குது, நைட்ல இன்னா பண்ணுதோ” என்று. ராத்திரியெல்லாம் அவளைத் தேடிப் படியேறினவர்களில் லீலாவின் மாமியாரும் ஒருத்தி. அதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து நாலு, ஐப்பசி. தாயாரம்மாள் முழங்கால் வலி என்று வந்து சீட்டை நீட்டினாள். ஒரே சீட்டில் வீடே அடங்குவதால், வந்த ஆளின் பேர், வயது, வியாதி, மருந்து எல்லாம் டாக்டரே பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். தாயாரம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. அதைச் சுப்பிரமணியிடம் கொடுத்துவிட்டுப் பாட்டிலோடு நின்றாள்.

சுப்பிரமணி சீட்டைப் பார்த்து, “கனகலட்சுமி” என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. “கனகலட்சுமி, பெண், முப்பத்தாறு” என்று இன்னொரு தரம் கூப்பிட்டார்.

“இன்னா கம்பவுண்டரே, டாக்டரம்மாவயே பேர் சொல்லிக் கூப்புடுற. கொழுப்பா?” என்றாள் அம்சவல்லி.

அப்போதுதான் அவர் தான் என்ன படித்தோம் என்று பார்த்தார். தாயாரம்மாளின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் டாக்டர் தன் பேரை எழுதியிருந்தாள். வயது, அவள் வயது. வியாதி என்ற இடத்தில் ‘தூக்கம்’ என்று மட்டும் இருந்தது. கீழே முழங்காலுக்கான மாத்திரை சரியாக இருந்தது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சுப்பிரமணி சிரிப்பை நடுவில் நிறுத்தினார். சீட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். கனகலட்சுமி அதை வெகுநேரம் பார்த்தாள். தன் கையெழுத்துத்தான். எழுதின நினைவு மட்டும் இல்லை.

“இன்னைக்குப் பேரு மாறியிருக்கு” என்றாள் மெதுவாக. “நாளைக்கு மருந்து மாறும் சுப்பிரமணி.”

அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். தாயாரம்மாளுக்கு வேறு சீட்டு எழுதினாள். அன்று சாயங்காலம் டாக்டர் காசிராஜனுக்குப் போன் போட்டாள்.

காசிராஜன் வாலாஜாபாத் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர். அரசு டாக்டர்கள் சங்கத்துக்கு மாவட்டச் செயலாளர். ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்டெதஸ்கோப்பும் சங்க ரசீது புத்தகமும் ஒன்றாகக் கிடக்கும். ஆறு வருஷமாக அவளைச் சேரச் சொல்லிக் கேட்டவர். ஆறு வருஷமாக அவள் “கூட்டம் முடியட்டும் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவளாகவே கேட்கவும், “சீட்டைப் பத்திரமா வச்சுக்கம்மா” என்றார். “இது உன் கதை மட்டும் இல்லை. இந்த மாவட்டத்துல நாற்பது ஆஸ்பத்திரிப் பலகையில ரெண்டாம் நம்பர் காலியா இருக்கு. தனித்தனியா அழுதா காதுல விழாது. சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்.”

சங்கம் கேட்டது பெரிய ராஜ்யம் ஒன்றும் இல்லை. நூற்றைம்பது பேருக்கு மேல் வருகிற இடத்தில் இரண்டாவது டாக்டரைப் போடு. வாரத்தில் ஒரு நாள் லீவு விடு. அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் மாவட்ட அதிகாரி அறையில் ஆறு டாக்டர்கள் போய் உட்கார்ந்தார்கள். கனகலட்சுமி தன் முறை வந்ததும் சொன்னாள்: “சார், ஆலந்தாங்கல்ல ஒரு நாளைக்கு இருநூத்தி நாப்பது பேரு பாக்கேன்.”

அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் இருப்பது பத்து டாக்டர்கள், கேட்பது நாற்பது ஊர்கள். பெரிய நோட்டின் நகலை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார்.

“போன வருஷம் உங்க ஊர் சராசரி தொண்ணூத்திரெண்டும்மா. தொண்ணூத்திரெண்டு பேருக்கு ஒரு டாக்டர் தாராளம்.”

கனகலட்சுமிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு. ஊர் அவள் மேல் வைத்த ஆசை, அவள் ஊர் மேல் வைத்த ஆசை, இரண்டும் சேர்ந்து நூற்றைம்பது பேரை நோட்டிலிருந்து அழித்துவிட்டன.

வெளியே வந்து காசிராஜனிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார். “நாலு வருஷமாவா?”

“நாலு வருஷமா சார்.”

“கெட்டிக்கார ஊரும்மா உன் ஊரு” என்றார்.

தாம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வாலாஜாபாத் தாண்டும்போது ஏரியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரெல்லாம் பழுப்பும் தேனும். ஏரிக்கரை நெடுக யாரோ பாட்டில் வைத்திருக்கிற மாதிரி அவளுக்குத் தெரிந்தது. லட்சம் பாட்டில். எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. தொண்ணூற்றிரண்டுக்கு மேல் எண் வரவில்லை. திரும்பத் திரும்பத் தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் ஒரகடத்தைத் தாண்டிப் படப்பையில் நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வர ஷேர் ஆட்டோ. செகண்ட் ஷிப்டுக்குத் தாமதமாகப் போகிற பையன்கள் நாலு பேர் அதில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் இசக்கிதுரை. விரல் நசுங்கின பையன் என்று முன்னே சொன்னது அவனைத்தான். அவள்தான் தைத்துவிட்டாள்.

“டாக்டரக்கா, நீங்க எங்க இங்க? பஸ்ஸுல உறங்கிட்டியளோ?”

“ஆமாடே” என்றாள். தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். ஒரு டாக்டர் இருபது வயசுப் பையனிடம் சொல்லக்கூடியதா என்று யோசிக்கவில்லை.

அவன் கேட்டுவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: “எங்க லைன்ல புதுசா வாரவனுக்கு மொத நாள் என்ன சொல்லிக் குடுப்போம் தெரியுமாக்கா? பக்கத்து மிஷின்காரன் வரலைன்னா நீ ஓடி ஓடி ரெண்டையும் பாக்காத. ஒரு நாள் பாத்தேன்னு வையி, மறுநாள்ல இருந்து அது ஒத்த ஆளு வேலைதான். அப்புறம் அவன் எடம் வராது. நீங்க நாலு வருசமா ரெண்டு மிஷின் ஓட்டியிருக்கிய. போதாததுக்கு எத்தன ஓடுச்சுன்னு எண்ணுத கவுண்டரையும் ஆஃப் பண்ணி வச்சிருக்கிய.”

மற்றப் பையன்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சங்கம் மறுபடி கூடியது. கதவைச் சாத்துகிற போராட்டம் வேண்டாம், நோயாளி என்ன பாவம் செய்தார் என்று முடிவாயிற்று. தைப் பொங்கல் கழிந்ததிலிருந்து மூன்று மாதம், சட்டம் என்ன சொல்கிறதோ அப்படி வேலை. ஆளுக்கு ஒரு சீட்டு. ஆளுக்கு ஒரு முழுப் பரிசோதனை. அவசரம் என்று வந்தால் எந்த நேரமும் பார்க்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

ஊர் கொதித்தது. வரிசை கேட்டைத் தாண்டி, போர் குழாயைத் தாண்டி, மெயின் ரோடு வரைக்கும் போனது. பாட்டில் வைக்க இடம் போதாமல் ரோட்டோரக் கல் மேலெல்லாம் வைத்தார்கள். “யூனியன் டாக்டர்” என்று பேர் வைத்ததும் லீலாதான். தாயாரம்மாள் வராந்தாவில் நின்று சண்டை போட்டாள்.

“உன் நல்லதுக்குத்தானே தாயி ஒரு சீட்டு வாங்கினோம். இப்போ எங்களயே நிக்க வெச்சிக் கொல்றியே.”

கனகலட்சுமி எழுந்து வெளியே வந்தாள். “ஆமா ஆத்தா. என் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா நோட்டுல நீங்க யாருமே இல்ல. உங்க மருமக இல்ல, பேரன் இல்ல. ஊருல பாதிப் பேரு நோட்டுப்படி பொறக்கவே இல்ல. அப்புறம் எப்படி இன்னொரு டாக்டரு வருவாரு?”

தாயாரம்மாள் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அம்சவல்லி அன்றே வீடு வீடாகப் போய் அதையே சொன்னாள். மறுநாள் தாயாரம்மாள் தன் குடும்பத்தையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் மகன், சம்பந்தி, விருந்துக்கு வந்த மருமகன் எல்லோர் கையிலும் ஒரு பாட்டில்.

“இவருக்கு என்ன செய்யுது?” என்று மருமகனைக் காட்டிக் கேட்டாள் டாக்டர்.

“ஒண்ணும் செய்யல. நோட்டுல ஏறட்டும்னு இட்டாந்தேன்.”

“நோவு இல்லாதவங்களுக்குச் சீட்டு கெடையாது ஆத்தா. பொய்யி ஒண்ணு கலந்தாலும் இருநூறு மெய்யும் செல்லாது.”

மருமகன் வெட்கத்தோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான். ஆனால் மற்றவர்கள் நின்றார்கள். வெயிலில் நின்றார்கள், முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கினார்கள். சுப்பிரமணிக்குக் கை வீங்கிவிட்டது. நோட்டில் இருநூற்று நாற்பத்தொன்று, இருநூற்று அறுபத்து மூன்று, இருநூற்று ஐம்பத்தெட்டு என்று முத்து முத்தாக ஏறியது.

பங்குனி முடிவில் மறுபடி காஞ்சிபுரம். அதிகாரி மூன்று மாத நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். காசிராஜன் அந்த நோட்டுக்குப் பக்கத்தில், கனகலட்சுமி பத்திரமாக வைத்திருந்த மடித்த சீட்டை வைத்தார். ‘கனகலட்சுமி, பெண், 36, தூக்கம்.’ அதிகாரி அதை இரண்டு தரம் படித்தார். முதல் பட்டியலில் பதினோரு ஊருக்கு இரண்டாவது டாக்டர் என்று எழுதிக் கையெழுத்தாயிற்று. ஒருவருக்குக் காலை எட்டிலிருந்து இரண்டு, மற்றவருக்கு இரண்டிலிருந்து எட்டு. ஒரு நிபந்தனை இருந்தது. மாதக் கடைசியில் இரண்டு டாக்டருடைய நோட்டும் வர வேண்டும். இரண்டாவது நோட்டில் கூட்டம் இல்லையென்றால் அந்த டாக்டரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனி முதல் வாரம் டாக்டர் பிரவீன் வந்தான். இருபத்தேழு வயது. மெல்லிய மீசை, பயந்த கண். குளவிக்கூட்டை எடுத்துவிட்டு, பலகையில் இரண்டுக்கு நேராக அவன் பேரை எழுதினார்கள். சாமான் அறையைக் காலி செய்து, வராந்தாவின் மறுகோடியில் அவனுக்கு ஓர் அறை. அந்த அறைக்கு ஒரு கதவு.

அந்தக் கதவுக்கு முன்னால் யாரும் பாட்டில் வைக்கவில்லை.

முதல் நாள் இரண்டு மணிக்கு அவன் வந்து உட்கார்ந்தான். அவள் கதவுக்கு முன்னால் நாற்பத்தைந்து பாட்டில் நின்றது. “அந்தப் பையன் இன்னா பாக்கும், நீயே பாத்துடு தாயி” என்றார்கள். ஐந்து மணி வரை பார்த்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். பிரவீன் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தான். அவன் நோட்டில் நாலு, ஏழு, மூன்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். “மேடம், நான் வேணும்னா வேற ஊர் கேட்டுக்கட்டுமா?”

அவள் அவன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். மாடி ஜன்னல் வழியே கம்பெனி விளக்குகள் தெரிந்தன. இசக்கிதுரை சொன்னது காதில் ஓடியது. ரெண்டு மிஷின். இப்போது பக்கத்து மிஷின்காரன் வந்துவிட்டான். அவளோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள். மாதக் கடைசியில் அவன் போவான். குளவி திரும்ப வரும். அப்புறம் என்றைக்காவது ஒரு சீட்டில் பேர் சரியாக இருக்கும், மருந்து மாறியிருக்கும்.

நாலாம் நாள் காலை எட்டுக்கு உட்கார்ந்தாள். நூற்று இருபது பேரைப் பார்த்தாள். ஒவ்வொருவர் முகமும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இரண்டு அடித்தது. பேனாவை மூடினாள். ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

வராந்தாவில் நாற்பது பேர். நாற்பது பாட்டில். முதல் பாட்டில் தாயாரம்மாளுடையது, பழைய சர்பத் பாட்டில், கழுத்தில் சிவப்புக் கயிறு.

“இன்னா தாயி, எங்க போற?”

“ரெண்டு மணி ஆச்சு ஆத்தா. வீட்டுக்குப் போறேன்.”

“நாங்க உனுக்காகக் குந்தினுகீறோமே.”

கனகலட்சுமியின் கை பையைத் திறக்கப் போனது. ஒரே ஒரு நிமிஷம், ஒரே ஒரு பாட்டில் என்று மனசு சொன்னது. ஏழு வருஷமும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் கரைந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“டாக்டர் உள்ள இருக்காரு” என்றாள், மறுகோடிக் கதவைக் காட்டி. “அவரும் என்னை மாதிரி படிச்சவருதான். என்னை மாதிரி தூங்கி வழியாதவரு.”

புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டிலும் காலில் படாமல், சுவர் ஓரமாக நடந்தாள். அம்சவல்லி விளக்குமாற்றோடு தூணில் சாய்ந்து நின்றாள். தடுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே லீலா ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். அவள் பார்த்தது இதைத்தான். இதை மட்டும்தான்.

படியிறங்கினால் இரண்டு மணி வெயில். ஏழு வருஷத்தில் அந்த நேரத்து வெயிலை அவள் வெளியே நின்று பார்த்ததில்லை. புளியமரத்து நிழல் மரத்துக்கடியிலேயே சுருண்டு படுத்திருந்தது. ரோட்டுக்கு அப்பால் கானல் நீர்போல் அசைந்தது. அதன் மேல் கம்பெனி பஸ் ஒன்று சத்தமில்லாமல் மிதந்து வந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். திரும்பினால் நாற்பது முகமும் தெரியும். தெரிந்தால் போக முடியாது.

கேட்டில் கை வைத்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சிமெண்ட்டுத் தரையில் கண்ணாடி உரசுகிற சத்தம். யாரோ தன் பாட்டிலைத் தானே எடுத்து, மறுகோடிக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். தாயாரம்மாள் ஏதோ முணுமுணுப்பதும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பாட்டில். அப்புறம் இன்னொன்று.

கனகலட்சுமி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.